எத்தனை பேருக்குப் பயிற்சி என்று இனிக் கேட்காதீர்கள்: சுகாதாரத் திறன்வளர்ப்புக்கு நிதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உலக சுகாதாரத் திறன்வளர்ப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் அமைப்புகள், அவற்றின் திட்ட மேலாளர்கள், ஆலோசகர்களைப் பணிக்கு எடுக்கும் பிரிவினர்.

வணக்கம்.

உங்கள் காலாண்டு அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பயிற்சி பெற்றோர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை. அதை நிரப்பித் தருகிறவர்கள் நாங்கள். களத் தொற்றுநோயியல் (நோய் பரவும் இடத்துக்கே போய் ஆராய்வது), ஆய்வகத் தரம், நோய்க் கண்காணிப்பு, தகவல் அமைப்பு என்று ஆளுக்கொரு துறை. பதவிப் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: திறன்வளர்ப்பு ஆலோசகர். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எடுத்த இடத்தில் எதை வைப்பது, எங்களைப் போன்றவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்போது வழியனுப்பி வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தட்டம்மைப் படிவத்திலிருந்து தொடங்கலாம். காய்ச்சலும் தடிப்புமாக ஒரு குழந்தை சுகாதார நிலையத்துக்கு வருகிறது. அன்று முதல் சோதனை முடிவு திரும்பி வரும் வரை ஏழு தேதிகள் பதிவாக வேண்டும். தடிப்பு தோன்றிய நாள், நிலையத்துக்கு வந்த நாள், மாவட்டத்துக்குத் தகவல் போன நாள், இரத்தம் எடுத்த நாள், மாதிரி ஆய்வகத்தை அடைந்த நாள், முடிவு வெளியான நாள், அந்த முடிவு குழந்தையைப் பார்த்தவர் கைக்கு வந்த நாள். ஏழு தேதிக்கு நடுவே ஆறு இடைவெளி. உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் தரத்தில் சில இடைவெளிகளுக்கு வரம்பே இருக்கிறது: 80 விழுக்காடு மாதிரிகளாவது எடுத்த 5 நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும், சேர்ந்த 4 நாளுக்குள் ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) சோதனை முடிவு வெளிவர வேண்டும். கடைசி முப்பது படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளிக்கும் இடைநிலை நாள் என்ன என்று கணக்குப் போட அரை நாள் போதும். பழுது எங்கே என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

என்ன காட்டும்? ஒரு மாவட்டத்தை இப்படி வைத்துக்கொள்வோம். செவிலியர் கெட்டிக்காரர், இரத்தம் எடுத்த அன்றே எல்லாவற்றையும் எழுதிவிட்டார். மாதிரி ஆய்வகம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகிறது. காரணம், அங்கே போகும் வண்டி வாரம் ஒருமுறைதான். போன வாரம் டீசலுக்குப் பணம் வரவில்லை. போய்ச் சேர்ந்த மாதிரியை ஆய்வகம் ஏற்க மறுக்கிறது. சீரம் (இரத்தம் கட்டியான பின் பிரியும் தெளிந்த நீர்) பிரிக்காத இரத்தத்தை உறைந்த ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்ததில் சிவப்பணுக்கள் உடைந்து சீரமே சிவந்துவிட்டது. நல்ல நிலையில் வந்தவையும் காத்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு முறை சோதனை ஓட்டும்போதும், சோதனை சரியா என்று பார்க்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கென்றே சோதனைத் தட்டில் சில குழிகள் போய்விடும். அதனால் இன்னும் கொஞ்சம் மாதிரி சேரட்டும், சேர்த்து ஓட்டுவோம் என்று ஆய்வக நுட்பர் தள்ளிப்போடுகிறார். அடுத்த சோதனை கிட் எப்போது வரும் என்றே தெரியாத நிலையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைசியில் முடிவு வருகிறது, திட்ட அலுவலகத்தின் தரவு அலுவலருக்கு மின்னஞ்சலாக. அவர் அதை வாராந்தரத் தொகுப்பில் சேர்த்து மேலே அனுப்புகிறார். கீழே அனுப்ப யாருக்கும் உத்தரவு இல்லை. முடிவே வந்து சேராத படிவத்தை ஒரு செவிலியர் எத்தனை மாதம் ஒழுங்காக நிரப்புவார்?

இந்தச் சங்கிலியில் பயிற்சியால் சரியாகக்கூடியது அந்த ஐஸ் பேக் ஒன்றுதான். அதற்கும் ஐந்து நாள் விடுதிப் பயிலரங்கு வேண்டாம். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்துகாட்ட வேண்டியது அது. ஐஸ் பேக்கை முதலில் வெளியே வைத்து வியர்க்கவிட வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். இரத்தத்தைக் கட்டியாகவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, சீரத்தை மட்டும் பிரித்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. சுழற்றுவது பத்துப் பதினைந்து நிமிட வேலை. மற்றதெல்லாம் வண்டி, டீசல், கிட் கொள்முதல், பிறகு ஒரு மின்னஞ்சல் பட்டியலில் இரண்டு முகவரிகளைச் சேர்ப்பது. உங்கள் நிதித்தலைப்புகளில் இவற்றுக்கு இடம் இல்லை. பயிலரங்குக்கு இருக்கிறது. ஆகவே பயிலரங்கு நடக்கிறது.

நடப்பதால் வரும் கேடும் சிறியதல்ல. ஒரு காலாண்டில் வேலை நாள் சுமார் 65. மாவட்டக் கண்காணிப்பு அலுவலர் ஒருவர்தான். மலேரியாத் திட்டம் அவரை 5 நாள் அழைக்கிறது, காசநோய் 5 நாள், எச்ஐவி 5 நாள், தடுப்பூசி 4 நாள், தகவல் அமைப்பின் புதிய பதிப்புக்கு 3 நாள். கூட்டினால் 22. ஐந்து பயிலரங்குக்கும் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்தால் இன்னொரு 10. ஆக 32 நாள். பாதிக் காலாண்டு அவர் நாற்காலியில் இல்லை. ஐந்து திட்டங்களும் அவரைத் தனித்தனியாக எண்ணி ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்ததாக உங்களுக்கு எழுதும். தினப்படிக்காக வருகிறார்கள் என்று இதைக் கேலி பேசுவோர் எங்களுக்குள்ளும் உண்டு. அது நியாயமில்லை. சம்பளம் குறைவாகவும் படி தாராளமாகவும் இருக்கும்படி ஏற்பாடு செய்தது நாம்தான். அதில் குடும்பச் செலவைச் சரிக்கட்டுவது அவர் குற்றமல்ல.

பயிலரங்கின் முதல் நாள் ஒரு தேர்வு, கடைசி நாள் அதே தேர்வு, நடுவில் மதிப்பெண் ஏற்றம்: இதைத்தான் பலன் என்று உங்களுக்கு அனுப்புகிறோம். நான்கு நாளில் கேட்டதை ஐந்தாம் நாள் ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்துவிட்டார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் ஏதாவது மாறியதா. நாம் முதல் இரண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். மூன்றாவது படிக்கு ஆறு மாதம் கழித்து அவர் மேசைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் உங்கள் நிதியாண்டு முடிந்துவிடுகிறது.

பயிலரங்கே கூடாது என்பதல்ல எங்கள் பேச்சு. நன்றாக நடந்த திட்டங்களில் பயிலரங்குக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று பாருங்கள். 1951-இல் அலெக்சாண்டர் லாங்முயர் அமெரிக்காவில் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணி இரண்டாண்டுக் காலம். கற்பதே வேலை பார்த்துத்தான். அந்த அச்சில், வட அமெரிக்காவுக்கு வெளியே முதலாவதாக 1980-இல் தாய்லாந்தில் களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டம் வந்தது. அதில் சேருகிறவர் ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர். இரண்டாண்டில் ஏறக்குறைய கால் பங்குதான் வகுப்பறை, முக்கால் பங்கு களம். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் போன பிறகும் அந்தத் திட்டம் நின்றுவிடவில்லை; அது அமைச்சகத்தின் வேலையாகவே ஆகிவிட்டிருந்தது. இன்று பல நாடுகளில் இது மூன்று தட்டாக இருக்கிறது: மாவட்ட ஊழியர்களுக்கு மூன்று மாதம், நடுநிலைக்கு ஓராண்டை ஒட்டி, உயர்நிலைக்கு இரண்டாண்டு. மூன்று மாதத் தட்டிலும் சில நாள் வகுப்பு, சில வாரம் சொந்த அலுவலகம், மறுபடி சில நாள் வகுப்பு என்றுதான் ஓடும். இடையில் கொண்டுவர வேண்டியது தன் மாவட்டத் தரவின் தரச் சரிபார்ப்பு, ஒரு நோயாளி விசாரணை அறிக்கை, தானே போட்ட ஒரு வரைபடம். சான்றிதழ் அந்த வேலைக்குத்தான்.

ஆய்வகத்துக்கும் இதே வடிவம் உண்டு. 2009-இல் ருவாண்டாவின் கிகாலியில் அறிமுகமான ஸ்லிம்டா (SLMTA) என்ற ஆய்வக மேலாண்மை மேம்பாட்டுத் திட்டத்தில் மூன்று பயிலரங்குகள், நடுவே மாதக்கணக்கில் தன் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய மேம்பாட்டுப் பணிகள், நேரில் வரும் வழிகாட்டி. எல்லாம் சேர்த்து ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலால் மதிப்பிடுவார்கள். 55 விழுக்காட்டுக்குக் கீழே நட்சத்திரம் இல்லை. 55-இல் ஒன்று, 65-இல் இரண்டு, 75-இல் மூன்று, 85-இல் நான்கு, 95-இல் ஐந்து. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மதிப்பெண் ஆளுக்கு அல்ல, ஆய்வகத்துக்கு. பயிற்சிக்கு வந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் மதிப்பெண் விழுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். விழுந்தால் நாம் வளர்த்தது அந்த ஆளை, இடத்தை அல்ல.

இடத்தில் வளர்ந்த திறன் எப்படி இருக்கும் என்பதற்கு 2014 நைஜீரியாவைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியாது. ஜூலை 20 அன்று எபோலா நோயாளி ஒருவர் விமானத்தில் லாகோஸில் வந்து இறங்கினார். பெருநகரம், நோயை அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போலியோ ஒழிப்புக்காக 2012-இல் அமைத்த அவசரகாலச் செயல்பாட்டு மையம் இருந்தது. கையில் லைன் லிஸ்ட் (ஆளுக்கு ஒரு வரியாக விவரம் எழுதும் பட்டியல்) பிடித்துத் தெருத் தெருவாக நடந்து பழகியவர்கள் இருந்தார்கள். களத் தொற்றுநோயியல் திட்டத்தில் தேறியவர்கள் அரசுப் பணியில் இருந்தார்கள். போலியோ மையத்தின் துணைத் தலைவரையே எபோலா நடவடிக்கைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். தொடர்பில் இருந்த 894 பேரை அடையாளம் கண்டு, 21 நாள் கண்காணிப்புக்காக 18,000 முறைக்கு மேல் நேரில் போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 20 நோயாளிகள், 8 மரணம். அக்டோபர் 20-இல் நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. எபோலாவுக்கென்று அதுவரை அங்கே பெரிதாகப் பயிற்சி நடந்திருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. வேறு நோய்க்காகத் தினமும் ஓடிக்கொண்டிருந்த வேலை ஒன்று இருந்தது, அதைத் திருப்பிவிட்டார்கள். அதே தொற்று கினியாவில் 2013 டிசம்பரில் தொடங்கி, எபோலா என்று தெரியவே 2014 மார்ச் ஆயிற்று. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் 28,000-க்கு மேற்பட்டோருக்கு நோய், 11,000-க்கு மேற்பட்டோர் சாவு என்று அது முடிந்தது.

பக்கத்தில் உட்காரும் வழிகாட்டிக்கு எதற்கு அவ்வளவு செலவு என்று உங்கள் நிதிப் பிரிவு கேட்கும். ஒரு லைன் லிஸ்ட்டை வைத்துப் பதில் சொல்கிறோம். கொள்ளைநோய் நேரத்தில் எக்செல்லில் தேதிகளை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அடிக்கிறார்கள். கணினியோ அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்து இருக்கிறது. 05/04/2024 என்று அடித்தால் ஏப்ரல் 5 அல்ல, மே 4 என்று எடுத்துக்கொள்ளும், முணுமுணுக்கக்கூடச் செய்யாது. 17/04/2024 என்று அடித்தால் பதினேழாவது மாதம் இல்லையே, அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். நோய்ப்பரவல் வரைபடம் போடும்போது எழுத்தாகக் கிடப்பவை மறைந்துவிடும். மாறிப்போனவை வேறு மாதங்களில் போய் உட்காரும். ஏப்ரலில் ஒரே அலையாக வந்த நோய் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். அதைப் பார்த்து, தொற்று நெடுநாளாகவே இருந்துவருகிறது என்று அறிக்கை எழுதியும் விடுவார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. தேதிப் பத்தியை அகலமாக்கி, சீரமைப்பு எதுவும் செய்யாமல் பாருங்கள்: உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து நின்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள். வலப்பக்கம் நிற்பவற்றிலும் நாள் 12-ஐத் தாண்டாதவை தலைகீழாகியிருக்கும். காகிதப் படிவத்தோடு ஒப்பிட்டுத்தான் மீட்க வேண்டும். இனி வராமல் தடுக்க நாள், மாதம், ஆண்டு மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. பயிலரங்கில் தருவது சுத்தம் செய்த மாதிரிக் கோப்பு. அதில் இந்தச் சிக்கல் எழவே எழாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கண்ணில் பத்து நிமிடத்தில் படும்.

அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரை நீங்கள் தேர்ந்தெடுக்கும் விதத்துக்கு வருகிறோம். எங்களுக்குள் கசப்பு அதிகம் உள்ள இடம் இதுதான், எனவே கொஞ்சம் நீளும்.

விண்ணப்பங்களில் நீங்கள் தேடுவது எத்தனை நாடு, எத்தனை பயிலரங்கு, எத்தனை கட்டுரை. பதினைந்தாண்டுப் பணியில் இருபத்தைந்து நாடு என்று ஒருவர் எழுதினால் உங்களுக்கு அது தகுதி. வகுத்துப் பார்த்தால் நாட்டுக்கு ஏழு மாதம். பயணமும் அறிக்கையும் போக அதிலும் பாதி. ஒரு பட்ஜெட் சுற்றைக்கூட ஓரிடத்தில் முழுதாகப் பார்த்திராதவருக்கு, அரசுக் கொள்முதலில் கிட் ஏன் ஒன்பது மாதம் தாமதமாகிறது என்று எப்படித் தெரியும்? மாறாக, நேர்முகத்தில் இதைக் கேளுங்கள்: நீங்கள் விட்டு வந்த இடத்தில், இரண்டாண்டு கழித்தும் நீங்கள் இல்லாமல் ஓடுகிற ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதை இப்போது செய்பவரிடம் நாங்கள் பேசலாமா? இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவர்கள் எங்களில் நிறைய இருப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு, மூன்றாண்டானால் நல்லது. இரண்டு வாரம் வந்து போகும் ஆலோசகருக்கும் இடம் உண்டு. கருவி அளவுத்திருத்தம், தர ஆய்வு, சர்வர் மாற்றம் போன்ற முடிவு தெரிந்த வேலைகளுக்கு அவர் போதும். பழக்கத்தை மாற்றும் வேலைக்கு அவர் ஆகமாட்டார்.

பணி விவரக் குறிப்பில் முதல் 30 நாளுக்குத் திட்டம் எழுதக் கூடாது என்று போட்டுவிடுங்கள். அந்த 30 நாளில் செய்ய வேண்டியது: மேலே சொன்ன ஏழு தேதிப் படிவத்தை நோய்க்கு ஒன்றாக மூன்று நோய்க்கு நடந்தே பின்தொடர்வது, ஒரு சுகாதார நிலையம், ஒரு மாவட்டம், ஒரு ஆய்வகம் மூன்றிலும் தலா இரண்டு நாள் வெறுமனே உட்கார்ந்திருப்பது, ஊழியர் எத்தனை பதிவேடு நிரப்புகிறார், ஒரே எண்ணை எத்தனை இடத்தில் எழுதுகிறார் என்று எண்ணுவது. ஒரே எண் நான்கு இடத்தில் எழுதப்படுகிறது என்றால் ஐந்தாவது படிவத்தோடு நீங்கள் போகாமல் இருப்பதே முதல் திறன்வளர்ப்பு.

ஆலோசகருக்கு இணையாக அரசு அலுவலர் ஒருவர் பெயரோடு நியமிக்கப்பட்ட பிறகே ஒப்பந்தம் தொடங்க வேண்டும். பதவி இருந்து ஆள் இல்லை என்றால் காத்திருங்கள். ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பப்படும் ஆலோசகர் மூன்றாம் மாதமே அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிடுவார், நன்றாகவும் செய்வார், நீங்களும் மகிழ்வீர்கள், அமைச்சகத்துக்கும் அந்தப் பதவியை நிரப்பும் அவசரம் போய்விடும். எங்கள் தொழிலில் மிக இனிமையாக நடக்கும் தோல்வி இதுவே. தவிர்க்க, வேலை கைமாறும் வேகத்தை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். முதலாண்டு இருவரும் சேர்ந்து செய்வது. இரண்டாம் ஆண்டு அலுவலர் செய்ய, ஆலோசகர் பார்த்துத் திருத்துவது. மூன்றாம் ஆண்டு காலாண்டுக்கு இரண்டு வார வருகை, மற்ற நாளில் தொலைபேசி. ஆலோசகரின் சம்பளத்தில் மிச்சமாவது அந்தப் பிரிவின் நடைமுறைச் செலவுக்குப் போகட்டும்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திட்ட அலுவலகம் திறந்ததும் முதலில் ஆள் எடுப்பது எங்கிருந்து? அரசு ஆய்வகத்தின் ஆகச் சிறந்த நுட்பரையும், அமைச்சகத்தின் ஆகச் சிறந்த தரவு அலுவலரையும் இரண்டு மூன்று மடங்கு சம்பளத்துக்கு அழைத்துக்கொள்கிறோம். பிறகு, அரசு ஆய்வகத்தில் திறன் குறைவு என்று அறிக்கை எழுதுகிறோம். நாடு விட்டு நாடு சுகாதார ஊழியர்களை இழுப்பதற்கு 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தது. தெரு விட்டுத் தெரு இழுப்பதை அது தடுக்கவில்லை. வெளிநாட்டு உதவி பற்றிய 2005 பாரிஸ் பிரகடனத்தில், அரசுக்கு இணையாகத் தனியே இயங்கும் திட்ட அலுவலகங்களை 2010-க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக நீங்கள் கையெழுத்திட்டீர்கள். இப்போதாவது எண்ணிப் பாருங்கள். எங்கள் கோரிக்கை எளியது: அரசுப் பணியில் இருப்பவரை எடுப்பதானால் அமைச்சகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலும், திரும்பிச் செல்லும் உரிமையோடு கூடிய விடுப்பும், அவர் இடத்துக்கு வருபவரைப் பழக்கும் செலவும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

பயிற்சி முடித்தவருக்குப் போக ஒரு பதவி வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சுகாதார அவசரநிலைக்கு நாடுகள் எவ்வளவு தயார் என்று பார்க்கும் கூட்டு வெளி மதிப்பீடு 2016-இல் தொடங்கியபோது, இரண்டு லட்சம் மக்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற களத் தொற்றுநோயியலாளர் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு 50 பேர். அந்த ஐம்பதை எப்படி எண்ணுகிறீர்கள்? பத்தாண்டில் தேறி வெளியேறியவர் எல்லோரையும் கூட்டினால் இலக்கைத் தாண்டிவிடலாம். இன்று காலை கண்காணிப்புப் பதவியில் கையெழுத்திட்டு உட்கார்ந்திருப்பவரை எண்ணினால் கதை வேறாக இருக்கும். களத் தொற்றுநோயியலாளர் என்ற பதவியே அரசுப் பணிப் பட்டியலில் இல்லாத நாட்டில் இரண்டாண்டு படித்த மருத்துவர் பழையபடி புறநோயாளிப் பிரிவுக்குத்தான் போவார். ஆகவே பயிற்சிக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு பதவிப் பெயர், சம்பள நிலை, பதவி உயர்வு வரிசை மூன்றும் அடங்கிய அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாண்டு நிதியை அதை எழுதிப் பிறப்பிக்கும் வேலைக்கே கொடுங்கள். புகைப்படம் எடுக்க ஒன்றும் இராது, பலன் இருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வகத்தில் கிருமிகளைக் கையாளும் உயிர்ப் பாதுகாப்புப் பெட்டியை ஆண்டுக்கு ஒருமுறை, இடம் மாற்றினால் அப்போதும், காற்றோட்டமும் வடிகட்டியும் சோதித்துச் சான்று பெற வேண்டும். சான்று காலாவதியான பெட்டி காவலாகத் தோன்றும், காவல் செய்யாது. காசநோய் வளர்ப்புச் சோதனை செய்பவர் அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சான்றளிப்பவர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் எல்லா ஆய்வகங்களுக்கும் ஒரே பயணத்தில் ஏற்பாடு செய்து, அப்போதே உள்நாட்டுப் பொறியாளர் இருவரைக் கூட நிற்க வையுங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள் பெரும்பாலும் பெரிய பழுதால் சாவதில்லை. தூசி அடைத்த வடிகட்டி, குளிரூட்டப்படாத அறை, பனி படிந்து சரியாக மூடாத கதவு ரப்பர் இவற்றால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சாகிறது. வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு என்று ஒதுக்காமல் கருவி வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதே பணத்துக்குப் பத்துக் கருவிக்குப் பதில் ஏழு வந்தாலும் சரி.

தகவல் அமைப்பில் பழுது கண்ணுக்கே தெரியாது. சுகாதாரத் தரவுகளைத் தொகுக்க ஆஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஹெச்ஐஎஸ்2 மென்பொருள் இலவசம். அது ஓடும் சர்வர் இலவசமல்ல. சர்வர் வாடகை யார் அட்டையில் போகிறது? இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? முழு அனுமதி உள்ள கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? காப்புநகல் எடுக்கிறோம் என்பார்கள். கடைசியாக அதிலிருந்து முழுவதையும் மீட்டுப் பார்த்தது என்றைக்கு? இந்த நான்குக்கும் அமைச்சகத்தின் ஊழியர் ஒருவர் பதில் சொல்ல முடியாவிட்டால், அது நாட்டின் தகவல் அமைப்பு அல்ல, உங்கள் திட்டத்தின் தகவல் அமைப்பு. 2025 ஜனவரி 20-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது இது உலகத்துக்கே பாடமாயிற்று. 1984 முதல் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார மாதிரிக் கணக்கெடுப்புத் திட்டம்கூட அடுத்த மாதமே பாதியில் நின்றது. களப்பணி நடந்துகொண்டிருந்த நாடுகளும் அதில் இருந்தன. ஒரே வரவை நம்பிய வேலை எதுவானாலும் அதற்கு நேரக்கூடியது அதுதான்.

சரி, அந்தக் கட்டத்தில் என்ன போடலாம்? 2021-இல் முன்வைக்கப்பட்ட 7-1-7 அளவுகோல் கைக்கு எளிதானது. நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டறிவது, கண்டறிந்த 1 நாளுக்குள் அறிவிப்பது, அறிவித்த 7 நாளுக்குள் தொடக்க நடவடிக்கைகளை முடிப்பது. ஒவ்வொரு நோய்ப்பரவலுக்கும் மூன்று எண். எது தவறியது, எதனால் தவறியது என்று ஒரு வரி. 'எதனால்' என்ற வரியில் டீசல், கிட், காலிப் பதவி என்று வந்தால் அடுத்த நிதி அதற்குப் போகட்டும். அறியாமை என்று வந்தால் மட்டும் பயிற்சிக்கு. இதில் ஒரு கண்ணி உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: எண் மோசமாக வந்தால் நிதி வெட்டுவீர்கள் என்று தெரிந்தால், நோய் தலைகாட்டிய தேதியே நகர்ந்துவிடும். தாமதத்தை ஒளிக்காமல் எழுதியவருக்குத் தண்டனை இல்லை என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, கூடுதல் செலவே இல்லாத ஒரு சோதனை. பன்னிரண்டாம் மாதத்தில் ஆலோசகரை நான்கு வாரம் வெளியே அனுப்புங்கள். சம்பளத்தோடு, தொலைபேசியும் மின்னஞ்சலும் இல்லாமல். மாதக் கடைசி அந்த நான்கு வாரத்துக்குள் விழ வேண்டும், ஏனென்றால் அறிக்கைகள் குவியும் நேரம் அது. திரும்பி வந்ததும் பார்க்க வேண்டியவை: வாராந்தர நோய்ச் செய்தித்தாள் நான்கும் வந்தனவா, மாதிரி வண்டி எத்தனை முறை போனது, நிராகரிக்கப்பட்ட மாதிரிகளுக்குக் காரணம் எழுதிக் கீழே அனுப்பினார்களா, கிட் இருப்பு குறைந்தபோது யார் கொள்முதல் கடிதம் எழுதினார், மாவட்டத்திலிருந்து வந்த அழைப்புகளை யார் எடுத்தார். எது நின்றதோ அதுவே அடுத்த ஆண்டின் வேலைத் திட்டம். ஒன்றும் நிற்கவில்லை என்றால் ஆலோசகரை மறுபடி அங்கே அனுப்ப வேண்டாம்; அவருக்கு நன்றிக் கடிதம் கொடுத்து, அடுத்த இடத்துக்கு முதல் ஆளாகத் தேர்ந்தெடுங்கள். இப்போதைய வழக்கத்தில் அப்படிப்பட்டவருக்குத்தான் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போகிறது, வேலை மிச்சமில்லை என்பதால். எங்களில் பலர் மிச்சம் வைத்தே வேலை பார்ப்பதற்குக் காரணம் தேட நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அடுத்த நிதி அழைப்பின் படிவம் அச்சாவதற்கு முன் இவற்றைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். முடியாதவை எவை, யார் தடுக்கிறார் என்பதையும் குறிப்பிட்டால் அடுத்த மடலை அவருக்கே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
களத் தொற்றுநோயியல், ஆய்வகத் தரம், நோய்க் கண்காணிப்பு, சுகாதாரத் தகவல் துறைகளின் திறன்வளர்ப்பு ஆலோசகர்கள்